தூத்துக்குடி உப்பும் எங்க அப்பத்தா கிணறும்

கடலோர ஊர்கள்ல நிலத்தடி நீர் உப்பாகுது, விவசாயம் போகுது, சனங்க பிழைப்பு தேடி ஊரை விட்டுக் கிளம்புறாங்கன்னு ஒரு கட்டுரை படிச்சுக்கிட்டு இருந்தேன். மீஞ்சூர், வேதாரண்யம், நாகப்பட்டினம்னு வரிசையா ஊர்ப் பேரு. முடிச்சதும் ஒண்ணு உறைச்சுது. இதுல ஊர்ப் பேரை மட்டும் மாத்திட்டா அப்படியே எங்க ஊர்க் கதை. இத்தனைக்கும் நம்ம ஊரு திண்டுக்கல்லுங்க. மலையைப் பார்க்கணும்னா வாசல்ல நின்னாப் போதும். கடலைப் பார்க்கணும்னா பஸ்ஸேறி நாலு மணி நேரம் போகணும்.

கடலே இல்லாத ஊருக்கு உப்பு எப்படி வந்துச்சு? லாரியில வந்துச்சு. காசு கொடுத்து வாங்கினாங்க. ரசீது கூட இருந்திருக்கும்.

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்த விஷயம் இது. காரணம் கடைசியில புரியும். பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீயை வெச்சுக்கிட்டு உட்காருங்க :-)

*

திண்டுக்கல்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு பூட்டு ஞாபகம் வரும், இல்லேன்னா பிரியாணி. கொஞ்சம் வயசானவங்கன்னா சுருட்டைச் சொல்வாங்க. தோலைச் சொல்றவங்க கம்மி. ஆனா எங்க சின்ன வயசுல வத்தலக்குண்டு ரோட்டுல பஸ்ல வந்தவங்க யாரும் தோலை மறந்திருக்க முடியாது. பஸ்ல தூங்கிட்டு வந்தாலும் "எந்திரி, ஊர் வந்துருச்சு"ன்னு மூக்கு எழுப்பி விட்டுரும்.

எங்க பக்கம் அதுக்கு 'தோல் ஷாப்பு'ன்னு பேரு. தோல் பதனிடும் தொழிற்சாலைன்னு போர்டுல மட்டும்தான் இருக்கும். டி. செல்வராஜ் எழுதின 'தோல்' நாவலைப் படிச்சவங்களுக்கு இந்த உலகம் தெரிஞ்சிருக்கும். 2010-ல வந்துச்சு, 2012-க்கான சாகித்ய அகாதமி விருது வாங்குச்சு. அவர் திண்டுக்கல்லுல வக்கீலா இருந்தவர். சுண்ணாம்புக் குழியில கால் வெந்து நின்ன தலித் தொழிலாளிங்களும் அவங்க கட்டின சங்கமும்தான் அந்த நாவல். அது ஷாப்புக்கு உள்ள நடந்த கதை. நான் சொல்ல வர்றது மதில் சுவருக்கு வெளியே, பள்ளம் பார்த்து ஓடின தண்ணியோட கதை.

தோல் தொழில் இங்க ஏன் வந்துச்சுன்னு யோசிச்சா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. சுத்தி மானாவாரி பூமி, ஆடு மாடு வளர்ப்பு. வார சந்தைகள். 1875-ல மதுரை வரைக்கும் ரயில் போட்டப்போ பாதை திண்டுக்கல் வழியா வந்துச்சு. பதப்படுத்துறதுக்கு வேண்டிய ஆவாரம்பட்டை கரிசல்லயும் செம்மண்ணுலயும் காசில்லாம முளைச்சுக் கிடந்துச்சு. கடுக்காய் மலையில இருந்து இறங்குச்சு. தண்ணிக்குக் கிணறு. அப்புறம் என்ன வேணும்?

அந்தக் காலத்துல பட்டையில ஊற வெச்சுப் பதப்படுத்த வாரக்கணக்குல ஆகும். கழிவுத் தண்ணி அப்பவும் நாறத்தான் செஞ்சுது. ஆனா அளவு கம்மி. நிலைமை வேகம் பிடிச்சது 1970-கள்ல. வெறும் பச்சைத்தோலையும் அரைகுறையா பதப்படுத்தின தோலையும் வெளிநாட்டுக்கு அனுப்பினா லாபமெல்லாம் அவங்களுக்குத்தானே போகுது, இங்கேயே முழுசா முடிச்சு அனுப்பினா நாட்டுக்கு நல்ல காசுன்னு 1972-ல சீதாராமையா கமிட்டி சொன்னுச்சு. மத்திய அரசும் அரைகுறைத் தோல் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டுச்சு. கணக்கு சரிதான். தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா முழுசா முடிக்கிற வேலையோட சேர்ந்து அந்த வேலையோட அழுக்கும் முழுசா இங்கேயே தங்கிருச்சு. குரோம் பெருசா வந்துச்சு. பட்டையில வாரக்கணக்குல ஆன வேலை டிரம்முல ஒரு நாள்ல முடிஞ்சுது. ஒரே குழி இருந்த இடத்துல பத்து டிரம்மு சுத்துச்சு.

*

இப்ப உப்புக்கு வருவோம்.

ஆடோ மாடோ உரிச்ச உடனே தோல் அழுக ஆரம்பிச்சிரும். நம்ம வெயிலுக்கு அரை நாள் தாங்காது. அதனால உரிச்ச இடத்துலயே உப்பைப் போட்டுத் தேய்ப்பாங்க. கொஞ்ச நஞ்சமில்ல, 100 கிலோ தோலுக்குச் சுமார் 40 கிலோ உப்பு. தமிழ்நாட்டுல உப்புன்னா தூத்துக்குடி. ஆக, கடல் தண்ணி தூத்துக்குடி அளத்துல காய்ஞ்சு, மூட்டையாகி, தோலோட ஒட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வரும்.

ஷாப்புக்கு வந்த தோலை முதல்ல என்ன பண்ணுவாங்க? தண்ணியில ஊறப்போட்டு அந்த உப்பை எடுப்பாங்க. அதோட வேலை முடிஞ்சுது. அப்புறம் சுண்ணாம்பு, முடி எடுக்கிறது, சதை சுரண்டுறது. அதுக்கப்புறம் அமிலத்துல போடும்போது தோல் உப்பிப் போகாம இருக்க மறுபடி உப்பு. அதுக்கு மேல குரோம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி வரைக்கும் ஆகும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே எழுதியிருக்கு.

நான் ஒரு மனக்கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு டன் தோல் ஊறப்போடுற சின்ன ஷாப்புன்னு வெச்சுக்குங்க. 400 கிலோ உப்பு. பாதி உதிர்ந்து போச்சு, தூக்கிப் போட்டாச்சுன்னே வெச்சாலும் மிச்சம் 200 கிலோ தண்ணியில கரையும். வருஷத்துக்கு 300 நாள்னா 60 டன். லாரிக்குப் பத்து டன் வீதம் ஆறு லாரி உப்பு.

குடிதண்ணியில கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருந்தா நல்லது, வேற வழியே இல்லேன்னா 2,000 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. அந்த 60 டன்னைச் சுத்தமான தண்ணியில கலக்கினா மூணு கோடி லிட்டர் தண்ணியை 2,000 எல்லைக்குக் கொண்டு போய் நிறுத்திரும். ஒரு சின்ன ஷாப்பு, ஒரே வருஷம். திண்டுக்கல்லைச் சுத்தி இயங்கினது சுமார் 80 ஷாப்புன்னு ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிங்க 2005-ல எழுதியிருக்காங்க. அதுவும் எத்தனையோ வருஷமா.

ஒண்ணு கவனிங்க. குரோமியத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க, பேரே பயமா இருக்கும். அதுல பெரும்பகுதியைச் சுண்ணாம்பு மாதிரி ஏதாவது போட்டு அடியில படிய வெச்சுரலாம். நாத்தத்தையும் அழுக்கையும் காத்து ஊதி, நுண்ணுயிரை விட்டுத் தின்ன வெச்சுக் குறைக்கலாம். நம்ம வீட்டுச் சாப்பாட்டு உப்பு இருக்கு பாருங்க, அது எதுக்கும் மசியாது. படியாது, மக்காது, எந்த நுண்ணுயிரும் அதைத் தொடாது. பொது சுத்திகரிப்பு நிலையத்துக்கு உள்ள எவ்வளவு உப்பு போச்சோ அவ்வளவும் தெளிஞ்ச தண்ணியா மறுபக்கம் வெளியே வரும். சவ்வு வழியா அழுத்திப் பிரிச்சு, மிச்சத்தைக் காய்ச்சினாத்தான் உப்பு தனியா வரும். காய்ச்சக் கரண்டும் விறகும் யார் காசு? அங்கதான் எல்லாப் பேச்சும் நின்னு போகும்.

*

எங்க அப்பத்தா ஊர் டவுனுக்குத் தென்மேற்கே. பேரு வேண்டாமே, இன்னும் அங்க நிலம் விக்கிறவங்க இருக்காங்க. 45 அடிக் கிணறு, கல் கட்டினது. எங்க தாத்தா காலத்துல கமலை, அப்பா காலத்துல அஞ்சு எச்.பி. மோட்டார். நெல்லு ஒரு போகம், வெங்காயம், கத்தரி, வேலியோரம் அவரைப் பந்தல். லீவுக்குப் போனா அந்தக் கிணத்துலதான் நீச்சல் பழகினேன். முதுகுல சுரைக்குடுக்கையைக் கட்டித் தள்ளி விட்டது சித்தப்பா.

ஒரே நாள்ல கெட்டுப் போகல. முதல்ல அவரை சொல்லுச்சு. இலை ஓரமா பழுத்து, அப்புறம் நெருப்புல காட்டின மாதிரி சுருண்டுச்சு. பூச்சின்னு நினைச்சு மருந்தடிச்சாங்க. அடுத்து நெல்லு, நாத்து நட்ட இடத்துலயே வெளுத்து நின்னுச்சு. வெங்காயம் கோலிக்குண்டு அளவுக்கு மேல வரல. வாய்க்கால் ஓரம் காலையில பார்த்தா மாவு தூவின மாதிரி வெள்ளையா பூத்துக் கிடக்கும். சோடியம் ஏறின மண்ணு நனைஞ்சா குழையும், காய்ஞ்சா சிமெண்ட் தரை. களித் துகளெல்லாம் பிரிஞ்சு போய்த் துவாரத்தை அடைச்சிரும், தண்ணி கீழ இறங்காதுன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். சித்தப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது. "மண்ணு மூச்சு விட மாட்டேங்குது"ன்னு சொல்வார். படிச்சதும் அதேதான்.

வீட்டுக்குள்ள வேற மாதிரி. துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதிச்சாலும் முழிச்சுக்கிட்டு நிக்கும். சோப்பு நுரைக்காது. டீ போட்டா பால் திரிஞ்சிரும். சுவத்துல அடி மூணடிக்குக் காரை பொரிஞ்சு கொட்டும். அந்த ஊருக்குப் பொண்ணு கொடுக்க யோசிச்சாங்க. "குடத்தைத் தூக்கிக்கிட்டு மூணு மைல் நடக்கவா எம்பொண்ணைப் பெத்தேன்?"னு ஒருத்தர் சம்பந்தம் பேசின இடத்துலயே எழுந்து போனதைப் பார்த்திருக்கேன்.

"ஏன் அப்பத்தா, கிணத்துத் தண்ணி சிவப்பா இருக்கு?"ன்னு கேட்டேன் ஒரு தடவை.

"அது செத்துப்போச்சுடா"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அரிசி களையப் போயிருச்சு.

*

இப்ப நான் தள்ளிப் போட்டதுக்கான காரணம்.

எங்க மாமா, அம்மாவோட கூடப்பிறந்தவர், ஒரு தோல் ஷாப்புல கணக்கு எழுதினார். எங்க அப்பாவுக்குக் கிணறு போனதும் வருமானம் போச்சு. என்னைக் காலேஜ்ல சேர்த்தது, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டினது எல்லாம் மாமா. தோல் ஷாப்புச் சம்பளம். அதாவது, எங்க கிணத்தைச் சாகடிச்ச அதே காசுதான் என்னைப் படிக்க வெச்சுச்சு. இன்னைக்கு நான் ஏசி ரூம்ல உட்கார்ந்து இதைத் தட்டச்சு பண்றேன்னா அதுல ஆவாரம்பட்டையும் குரோமும் இருக்கு.

தொண்ணூறுகளோட ஆரம்பம்னு ஞாபகம், ஒரு தீபாவளிக்கு மாமா ஸ்வீட் டப்பாவோட அப்பத்தா வீட்டுக்கு வந்தார். எப்பவும் வாங்கி வெச்ச நல்ல தண்ணிதான் விருந்தாளிக்குக் கொடுக்கும். அன்னைக்கு அப்பத்தா கிணத்துத் தண்ணியை ஒரு டம்ளர்ல கொண்டு வந்து நீட்டுச்சு.

"குடிங்க தம்பி. நம்ம கிணத்துத் தண்ணிதான்."

சித்தப்பா எழுந்துட்டார். "யம்மா, என்ன இது"ன்னார். மாமா கையை அமர்த்திட்டு டம்ளரை வாங்கினார். நிறுத்தாம முழுசையும் குடிச்சார். டம்ளரைக் கவுத்து வெச்சார். கொஞ்ச நேரம் யாரும் பேசல.

"அத்தை, நான் கணக்கு எழுதுறவன். எத்தனை மூட்டை உப்பு வந்துச்சுன்னு எழுதுவேன். எத்தனை தோல் போச்சுன்னு எழுதுவேன். உப்பு எங்க போச்சுன்னு எழுத அந்த நோட்டுல கட்டம் இல்ல அத்தை."

அப்பத்தா ஒண்ணும் சொல்லல. உள்ள போய் நல்ல தண்ணி ஒரு டம்ளர் கொண்டு வந்து வெச்சுச்சு. பிறகு இலை போட்டுச் சாப்பாடு போட்டுச்சு.

*

கட்டம் இல்லாத அந்தக் கணக்கை வேற சில பேர் எழுத ஆரம்பிச்சாங்க. 'பீஸ்'ங்கிற தொண்டு நிறுவனத்து ஆளுங்க திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்கள்ல 13 கிராமத்துல ஒவ்வொரு கிணறாப் போய்ப் பார்த்தாங்க. குடிக்கவும் பாசனத்துக்கும் இருந்த மொத்தக் கிணறு 467. அதுல கெட்டுப் போனது 350. நாலு கிணறுன்னா மூணு.

இந்த எண்ணிக்கை சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல போட்ட வழக்கு அது. பாலாறுதான் முக்கியமான பேச்சு. ஆனா தீர்ப்புல நம்ம 13 கிராமமும் இருக்கு. (இணையத்துல கிடைக்கிற பிரதியில ரெட்டியார்சத்திரம் 'பெட்டியார் சத்திரம்' ஆகிக் கிடக்கு. கிணறு போச்சு, பேரும் போச்சு!) பொம்பளைங்களும் பிள்ளைங்களும் குடிதண்ணிக்கு மைல் கணக்குல நடக்குறாங்கன்னும் அதுலயே எழுதியிருக்கு. அதைப் படிச்சப்போ அந்தச் சம்பந்தம் பேச வந்த மனுஷன் ஞாபகம்தான் வந்துச்சு.

1996 ஆகஸ்ட் 28. நீதிபதி குல்தீப் சிங் அமர்வு. சட்டம் படிக்கிற பசங்களுக்கு இந்தத் தீர்ப்பு மனப்பாடம். மாசு பண்ணினவன்தான் காசு கொடுக்கணும், ஆபத்து வரும்னு தெரிஞ்சா நிரூபணத்துக்காகக் காத்திருக்காம முன்னாடியே தடுக்கணும் – இந்த ரெண்டும் இந்தியச் சட்டத்துல ஒரு பகுதின்னு சொன்ன தீர்ப்பு. வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டங்கள்ல இருந்த ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்பு இல்லாத ஷாப்பை மூடணும். நஷ்ட ஈடு கணக்குப் பார்க்கத் தனி ஆணையம் வைக்கணும். ஆத்தோரம் ஒரு கிலோமீட்டருக்குள்ள இந்த மாதிரித் தொழில் வரக் கூடாதுன்னு 1989-லயே தமிழக அரசு போட்டிருந்த ஆணையை அமல்படுத்தணும். ஏழு வருஷமா அந்த ஆணை இருந்திருக்கு பாருங்க. கோப்புக்குள்ள.

டவுன்ல ரெண்டு விதமான முகத்தைப் பார்த்தேன். எங்க சித்தப்பா அன்னைக்குப் பேப்பரை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சார். எங்க மாமா வேலை பார்த்த ஷாப்புல சில மாசம் பூட்டு. சம்பளம் இல்ல. மாமாவாவது கணக்கு எழுதினவர், வேற கடையில போய் உட்கார்ந்தார். சுண்ணாம்புக் குழியில நின்ன ஆளுங்களுக்கு வேற எந்தக் கடை? நிலம் இருந்தவன் கிணத்தை இழந்தான். நிலமே இல்லாதவன் கூலியை இழந்தான். அந்த 10,000 ரூபாய் அபராதத்துல ரெண்டு பேருக்கும் நேராக் கையில வந்தது ஒண்ணுமில்ல.

இந்த இடத்துல 'விவசாயியா தொழிலாளியா'ன்னு சிலர் பட்டிமன்றம் நடத்துவாங்க. எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம். ஒரு பக்கம் நின்னு கத்த முடியல, அவ்வளவுதான்.

*

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ நாகப்பட்டினம் பக்கம் வயலுக்குள்ள கடலே வந்துச்சு. நிலம் இனி அவ்வளவுதான்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா நிறைய இடத்துல அடுத்த ஒண்ணு ரெண்டு மழைக்காலத்துலயே மறுபடி நெல்லு நின்னுச்சு. 2005 ஐப்பசி கார்த்திகையில அடிச்ச மழை உப்பைக் கரைச்சு வடிகால்ல இறக்கிருச்சு. ஜிப்சம் போட்டது, படிஞ்ச சேத்தை வழிச்சது எல்லாம் உதவிச்சு. ஆனா பெரிய உதவி வடிகால். உப்பு போறதுக்குப் பக்கத்துலயே ஒரு இடம் இருந்துச்சு.

எங்க ஊர்ல அது எங்க போகும்? கீழ பாறை. சார்னோகைட், நைஸ் வகைப் பாறைக்கு மேல கொஞ்சம் மக்கிப்போன படலம், நடுவுல விரிசல். தண்ணி தேங்குறதே அதுலதான். மழை பெய்ஞ்சா மேல பூத்த உப்பு கரைஞ்சு கீழ இறங்கும். மோட்டார் போட்டா மறுபடி மேல வரும். வெயில் தண்ணியை மட்டும் குடிச்சிட்டு உப்பை வயல்லயே விட்டுட்டுப் போகும். கொடகனாறு வடக்கே வேடசந்தூர் போய் அமராவதியில சேரணும். ஆனா வருஷத்துல முக்கால்வாசி நாள் அது மணல்தான். ஓடினாத்தானே கொண்டு போகும்?

அந்த ஐதராபாத் விஞ்ஞானிங்க மேல் கொடகனாறு வடிநிலத்துல சுமார் 240 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கிட்டு வருஷக்கணக்கா அளந்தாங்க. சில இடத்துல கரைஞ்ச உப்பு லிட்டருக்கு 17,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்துச்சு. கடல் தண்ணி சுமார் 35,000. அதாவது பாதிக் கடல், கிணத்துக்குள்ள. அதைவிட என்னை உட்கார வெச்சது அவங்க கம்ப்யூட்டர் மாதிரிக் கணக்கு. கழிவோட அளவை இன்னைக்கே பாதியாக் குறைச்சாலும், 20 வருஷம் கழிச்சும் நிலத்தடி உப்பு பாதிக்குக் கீழ இறங்காதுன்னு வந்துச்சு.

இது உலகத்துக்குப் புதுசில்ல. மெசபடோமியாவுல பாசன நிலம் உப்பேறிப் போக, கோதுமையை விட்டுட்டு உப்பைத் தாங்குற பார்லிக்கு மாறினாங்கன்னு ஜேக்கப்சனும் ஆடம்ஸும் 1958-ல 'சயன்ஸ்' இதழ்ல எழுதினாங்க. அப்படியே நடந்துச்சான்னு பிற்பாடு வந்த ஆய்வாளருங்க சண்டை போட்டாலும், எங்க சித்தப்பா பண்ணினதும் அதேதான். நெல்லை விட்டார், தென்னைக்குப் போனார். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும். அதுவும் குரும்பையை உதிர்த்தப்போ நிலத்தைத் தரிசாப் போட்டார். அப்புறம் சீமைக் கருவேலம் வந்துச்சு. அது யாரையும் கேட்டு வராது.

*

'ஊரக வளர்ச்சி'ங்கிற வார்த்தைக்கும் எங்க ஊருக்கும் ரொம்ப நெருக்கம். டவுன்ல இருந்து மதுரை ரோட்டுல கொஞ்சம் போனா சின்னாளபட்டி, அங்க காந்திகிராமம். 1947-ல டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் ஆரம்பிச்சது. கிராமத்தை எப்படி எழுப்புறதுன்னு பாடம் சொல்லிக் கொடுக்கிற இடம் ஒரு பக்கம், கிராமத்துக் கிணறு சாகுற இடம் இன்னொரு பக்கம், நடுவுல டவுன் பஸ்ஸு தூரம்தான். யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல. பாடம் தெரியாம நடந்த தப்பு இல்லைன்னு சொல்றதுக்காக எழுதுறேன்.

அரசாங்கம் ஒண்ணுமே செய்யலைன்னும் சொல்ல முடியாது. ஆத்தூர் காமராஜர் அணையில இருந்து, பேரணையில இருந்து, அப்புறம் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துல இருந்துன்னு இந்த மாவட்டத்துக்குக் குழாய்த் தண்ணி வந்துச்சு. எங்க அப்பத்தா ஊர்லயும் மேல்நிலைத் தொட்டி கட்டினாங்க. நல்ல விஷயம், பொம்பளைங்க நடை குறைஞ்சுது. ஆனா குழாய் வந்ததும் "பிரச்னை தீர்ந்துச்சு"ன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க. குடத்துத் தண்ணிக்கு மாத்து வந்துச்சு. வயலுக்கு வர வேண்டிய தண்ணிக்கு மாத்து வரல. ஒரு கிணறு ஒரு வீட்டுக்குத் தண்ணி மட்டும் கொடுக்கல, வேலை கொடுத்துச்சு. மாட்டுக்குத் தீவனம், கடனுக்கு ஈடு, பொண்ணுக்குக் கல்யாணம் எல்லாம் அதுல இருந்துதான் வந்துச்சு. அதெல்லாம் குழாய்ல வராது.

அதுக்குப் பதிலா வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லு பஸ்ஸு விடிகாலையில ஊருக்குள்ள வந்துச்சு. பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைங்க ஏறிப் போச்சுங்க. விடுதியில தங்க வெச்சு மூணு வருஷம் வேலை வாங்கிட்டு மொத்தமாப் பணம் கொடுக்கிற 'சுமங்கலித் திட்டம்'னு ஒண்ணு இருந்துச்சு ஞாபகம் இருக்கா? அந்தப் பிள்ளைங்க ஏன் போச்சுங்கன்னு கேட்டா வறுமைன்னு சொல்வாங்க. எங்க ஊர்ல அந்த வறுமைக்கு ஒரு வேதியியல் பேரு இருக்கு. சோடியம் குளோரைடு.

*

2025 ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னுச்சு. வேலூர், பாலாறு வழக்கு. விட்டுப்போன நஷ்ட ஈட்டை அரசு ஆறு வாரத்துல பாதிக்கப்பட்டவங்களுக்குக் கொடுக்கணும், பிறகு மாசு பண்ணினவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும்னு. 1996-ல சொன்னதுக்கும் இதுக்கும் நடுவுல 29 வருஷம். அந்த 29 வருஷத்துல எங்க அப்பத்தா போயாச்சு, சித்தப்பா போயாச்சு. மாமா மட்டும் இருக்கார், எண்பதைத் தாண்டியாச்சு.

அந்தத் தீர்ப்பு வந்த கொஞ்ச நாள்ல ஊருக்குப் போனேன். ஆன்லைன்ல வாங்கின பேனா மாதிரி உப்பு அளக்கிற கருவி கையில. மாமா "நானும் வர்றேன் மாப்ள"ன்னு கிளம்பிட்டார். கிணத்து மேட்டுல கருவேலத்தை ஒதுக்கித்தான் போக வேண்டியிருந்துச்சு. படியெல்லாம் சரிஞ்சு கிடக்கு. வாளியைக் கட்டி இறக்கினேன். தண்ணி பார்க்கத் தெளிவாத்தான் இருந்துச்சு. அந்தச் சிவப்பு இல்ல. பக்கத்துல பல ஷாப்பு மூடியாச்சு, நாத்தமும் இல்ல. ஒரு நிமிஷம் மனசு துள்ளுச்சு.

பேனாவை முக்கினேன். நாலு இலக்கம். 2,000-த்தைச் சாதாரணமாத் தாண்டிக்கிட்டு மேல போச்சு. இந்தச் சின்னக் கருவி ஆய்வகம் இல்லைதான், கொஞ்சம் முன்ன பின்ன காட்டும். ஆனா இவ்வளவு தூரம் முன்ன பின்ன காட்டாது.

மாமா எட்டிப் பார்த்தார். "எவ்வளவு?"ன்னார். சொன்னேன். சட்டைப் பையில இருந்து சின்ன டைரியை எடுத்து, தேதி போட்டு, அந்த எண்ணை எழுதிக்கிட்டார்.

"இப்ப கட்டம் போட்டாச்சு மாப்ள"ன்னார்.

திரும்பி வரும்போது ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. அப்புறம் ஒவ்வொரு தடவை போகும்போதும் அளக்கிறோம். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. மழை நல்லாப் பெய்ஞ்சா எண்ணு கொஞ்சம் இறங்குது, வெயில் வந்தா ஏறிக்கிது. நான் போக முடியாத மாசம் மாமாவே பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வந்து போன்ல சொல்வார்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ஈரோடு பக்கத்துப் பதிவர்கள் யாராவது இதைப் படிச்சா, உங்க வீட்டுக் கிணத்துக் கதையையும் எழுதுங்க மக்கா. எந்த வருஷம் பருப்பு வேகாமப் போச்சு, எந்தப் பயிர் முதல்ல கருகுச்சு, எத்தனை வீடு ஊரை விட்டுப் போச்சு. கோர்ட்டுக்குப் போகாத கணக்கு அதுலதான் இருக்கு. பேனா கருவி முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கிணறு நல்லா இருக்கிறவங்களும் ஒரு தடவை அளந்து எழுதி வெச்சுக்குங்க. எங்க கிணறு நல்லா இருந்தப்போ எவ்வளவு இருந்துச்சுன்னு எங்ககிட்ட ஒரு எண்ணு கூட இல்ல.

பி.கு: மாமாகிட்ட இந்தப் பதிவைப் படிச்சுக் காட்டினேன். டம்ளர் விஷயத்தை எடுத்துரலாமான்னு கேட்டேன். "இருக்கட்டும். அப்பத்தா கொடுத்த ரெண்டாவது டம்ளரையும் எழுதியிருக்கல்ல?"ன்னார். எழுதியிருக்கேன் மாமா.